கேப் போட்ட பல்லும் எரியும் கன்னமும்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து உலோகக் கேப் போட்டுக்கொண்டேன். இப்போது அந்தப் பல்லை ஒட்டிய கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன; மீன் குழம்பின் காரம் பட்டால் எரிகிறது. கவரிங் தோடு போட்டாலே காது புண்ணாகும் உடம்பு எனக்கு. கேப்பைக் கழற்றிவிட வேண்டுமா?
— வாசகி, மண்டபம்

பதில்: காதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதே முக்கியமான தகவல். கவரிங் நகைகள் பலவற்றிலும் விலை குறைந்த உலோகக் கேப்களிலும் நிக்கல் இருக்கிறது. பல்லுக்கான நிக்கல்-குரோமியம் கலவையில் அதன் பங்கு பெரும்பாலும் 60 சதவீதத்துக்கு மேல். பாம்பன் பாலத்து இரும்பை உப்புக்காற்று அரித்ததைப் போல, வியர்வையிலும் உமிழ்நீரிலும் உள்ள குளோரைடு இந்த உலோகத்தை மிக மெதுவாக அரித்து நிக்கல் அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற நிக்கல் அணுக்களை, வெளியேற்றுகிறது.

அயனி நம் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்கள் அதை அந்நியமாகக் காண்கின்றன. தோலிலும் வாயிலும் காவல் நிற்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் அந்தப் புரதத்தை நிணநீர் முடிச்சுக்குச் சுமந்து சென்று டி செல்களிடம் காட்ட, அவற்றில் சில அதை நினைவில் வைத்துக்கொள்கின்றன. நிக்கலுக்குக் குறுக்கு வழி ஒன்றும் உண்டு: பாக்டீரியாவை இனங்காண அமைந்த டிஎல்ஆர்4 என்ற ஏற்பியை மனித செல்களில் அது நேரடியாகவே தூண்டுகிறது என்பது 2010-இல் தெரியவந்தது. எலியின் ஏற்பியில் நிக்கல் ஒட்டுவதற்குரிய ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் இல்லை. ஆய்வுக்கூட எலிகளுக்கு நிக்கல் ஒவ்வாமை எளிதில் வராததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. நினைவுபெற்ற டி செல்கள் மறுபடி நிக்கலைச் சந்தித்தால், நண்டு தின்ற சிலருக்கு வரும் தடிப்பைப் போல நிமிடங்களில் அல்லாமல், ஒன்றிரண்டு நாள் கழித்தே அழற்சி தெரியும்.

ஆனாலும் கேப்பை உடனே கழற்றச் சொல்ல மாட்டேன். தோலில் நிக்கல் ஒவ்வாமை உள்ள பலருக்கு வாயில் ஒன்றும் நேர்வதில்லை; உமிழ்நீர் அயனிகளை நீர்க்கச் செய்து கழுவிவிடுவது அதற்கு ஒரு காரணம். லைக்கன் பிளேனஸ் என்ற நோயிலும் இதே கோடுகள் வரும். கேப்பின் கூர்விளிம்பு உரசினாலும், வெற்றிலை பாக்கு போடும் வழக்கம் இருந்தாலும் கன்னம் வெளுக்கலாம். ஆகவே முதலில் பல் மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் சிறு திசுத்துண்டு எடுத்துச் சோதிக்கட்டும். கேப் எந்த உலோகக் கலவையால் ஆனது என்பதையும் அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தத்தில் டி செல்கள் நிக்கலுக்குப் பெருகுகின்றனவா என்று பார்க்கும் சோதனைகளும் உண்டு. அவற்றை மட்டும் நம்பிப் பல்லில் கை வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

தோல் மருத்துவர் செய்யும் ஒட்டுப் பரிசோதனையே நம்பகமானது. நிக்கல் சல்பேட் தடவிய பட்டையை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் வாக்கில் மீண்டும் பார்ப்பார்கள். ஒவ்வாமை உறுதியாகி, கோடுகளும் கேப்பைத் தொடும் இடத்தில் மட்டுமே இருந்தால், நிக்கல் இல்லாத, பீங்கான் வகையான ஜிர்கோனியா கேப்புக்கு மாறிக்கொள்ளலாம். புண் ஆறச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அது டி செல்களை அடக்கி ஒட்டுப் பரிசோதனையின் முடிவை மாற்றிவிடும். பட்டை ஒட்டிய நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்த்தால் கழன்றும் விடும் என்பதால், நம் கடற்கரைப் புழுக்கத்தில் சித்திரை, வைகாசியைத் தவிர்த்து மார்கழி, தை மாதங்களில் அதற்கு நாள் கேளுங்கள். பல் மருத்துவரிடம் செல்வதை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம்.