வாசகர் கேள்வி – பதில்: காட்டில் ஹேமக் கட்ட எந்த நாடா நல்லது?

கேள்வி: வரும் பள்ளி விடுமுறையில் நானும் என் தம்பி மகன்கள் இருவரும் தெலுக் பஹாங் பக்கத்துக் காட்டில் ஓரிரவு ஹேமக் என்னும் தொங்கு படுக்கையைக் கட்டித் தங்கலாம் என்றிருக்கிறோம். வாங்கிய ஹேமக்கோடு சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இரண்டு கயிறுகளே வந்தன. கடைக்காரர் நாடாவைத் தனியாக வாங்கச் சொல்கிறார். அதன் விலையோ ஹேமக்கின் விலையில் பாதி. என் அம்மா, “நாலு பிள்ளைகளைத் தூளியில் போட்டு வளர்த்தேன், எந்தக் கயிறு அறுந்தது?” என்கிறார். நாடா உண்மையிலேயே தேவைதானா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? என் எடை 80 கிலோ.
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: கட்டாயம் தேவை. அந்த மெல்லிய கயிறுகளை மரத்தில் சுற்றவே வேண்டாம். உங்கள் அம்மா சொல்வதும் உண்மைதான். ஆனால் தூளி உத்தரத்திலிருந்து நேர்கீழாகத் தொங்குவதால் பிள்ளையின் எடை எவ்வளவோ அவ்வளவுதான் கயிற்றின் சுமை. ஹேமக் இரு மரங்களுக்கு நடுவே பக்கவாட்டில் இழுபடுகிறது என்பதால் கணக்கு மாறிவிடுகிறது. நாடா கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் உங்கள் முழு எடையான 80 கிலோவைத் தாங்கும். அதையே இழுத்துக் கட்டி 15 பாகையாக்கினால் பக்கத்துக்கு ஏறக்குறைய 155 கிலோ ஆகும். 10 பாகையில் அது 230 கிலோ, 5 பாகையில் 460 கிலோ. இது அசையாமல் படுத்திருப்பவருக்கான கணக்கு. பையன்கள் ஓடிவந்து தொப்பென்று விழுந்தால் அந்த நொடியில் சுமை இன்னும் கூடும்.

முதுகு வளையாமல் படுக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பலர் ஹேமக்கை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். உண்மையில், இரு முனையும் சுருங்கிக் கூடும் வகை ஹேமக்கைத் தளர்வாகக் கட்டி அதில் மூலைவாட்டில் படுத்தால்தான் முதுகு சமமாக இருக்கும். சரிவைப் பார்க்கக் கருவி ஏதும் வேண்டியதில்லை. கட்டைவிரல் மேல்நோக்கியும் சுட்டுவிரல் ஹேமக்கை நோக்கிக் கிடையாகவும் இருக்குமாறு கையை நாடாவின் பக்கத்தில் வையுங்கள். இரு விரல் நுனிகளையும் நாடா தொட்டுச் சென்றால் சரிவு ஏறக்குறைய 30 பாகை இருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தச் சரிவு கிடைக்க வேண்டுமானால் நாடா நீளமாக இருக்க வேண்டும். கடையில் பெரும்பாலோர் அகலத்தையும் எடையையும் விசாரிக்கிறார்கள், நீளத்தைக் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நம் காட்டு மரங்கள் பருத்தவை. 50 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அடிமரத்தை ஒருமுறை சுற்றவே 157 சென்டிமீட்டர் போய்விடும். 2 மீட்டர் நாடாவில் அதற்குமேல் எஞ்சுவது ஒரு முழத்துக்கும் குறைவு. அப்போது நாடா எட்டுகிறதே என்பதற்காக ஒல்லியான மரத்தைத் தேடிப் போவீர்கள், அல்லது தட்டையாக இழுத்துக் கட்டுவீர்கள், இரண்டுமே ஆபத்து. நாடா ஒவ்வொன்றும் 3 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், 4 மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. மரங்களுக்கு இடையே 4 முதல் 5 மீட்டர் இடைவெளி வசதியானது.

அகலம் உங்களுக்காக அல்ல, மரத்துக்காக. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் பட்டை மெல்லியது. இலையில் உண்டாகும் உணவை வேருக்குக் கொண்டு செல்லும் உயிர்த்திசு அதற்கு அடியிலேயே இருக்கிறது. மெல்லிய கயிறு உங்கள் எடையோடு அதில் ஓரிரவு முழுதும் பதிந்து, நீங்கள் புரளும்போதெல்லாம் அறுத்துக்கொண்டிருந்தால், ஒரே மரத்தில் வாரந்தோறும் யாராவது கட்டும் இடங்களில் அந்த மரம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த எதுவும் மரத்தைத் தொடக் கூடாது; வழவழப்பான மெல்லிய பட்டை என்றால் 4 அல்லது 5 சென்டிமீட்டர் அகலமே சரி.

இழையைப் பொறுத்தவரை பாலியஸ்டர் வாங்குங்கள். நைலான் வலுவானதுதான், ஆனால் ஈரத்தை உறிஞ்சும், நனைந்தால் மேலும் நெகிழும். மாலையில் நாற்காலி உயரத்தில் கட்டிய படுக்கை, இரவு மழைக்குப் பிறகு தரையை உரசுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பாலியஸ்டர் ஈரத்தை மிகக் குறைவாகவே ஏற்கும், பாரத்தில் அதிகம் நீளாது. டைனீமா என்ற பெயரில் விற்கும் இழை இன்னும் இலேசானது, மிக வலுவானது. ஆனால் அது வழுக்கும் என்பதால் சாதாரண முடிச்சு நிற்காமல் உருவிக்கொள்ளும். மெல்லிய கயிறாக இருந்தால் மரத்தையும் அறுக்கும். ஆகவே மரத்தில் அகலமான நாடாவைச் சுற்றி, அதற்கும் ஹேமக்குக்கும் நடுவே மட்டும் டைனீமாவைப் பயன்படுத்துவது அனுபவசாலிகளின் வழக்கம். முதல் முறை போகும் உங்களுக்கு அது வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது, வரிசையாகக் கண்ணிகள் வைத்துத் தைத்த நாடா. ஒரு முனையை மரத்தைச் சுற்றி, அதிலுள்ள பெரிய கண்ணிக்குள் மறுமுனையை நுழைத்து இழுத்து, எஞ்சிய பகுதியில் வேண்டிய கண்ணியில் ஹேமக்கின் காரபினரை (திறந்து மூடும் உலோகக் கொக்கி) மாட்டினால் வேலை முடிந்தது. முடிச்சு தெரியாத பையன்களும் தாங்களே மாட்டிக்கொள்ளலாம். வாங்கும்போது கண்ணிகளின் அடியில் உள்ள தையலை விரித்துப் பாருங்கள். முன்னும் பின்னுமாக நூல் நெருங்கி ஓடி, விரல் வைத்தால் தடித்த கட்டியாக உணர வேண்டும். நேர்கோட்டில் ஒற்றை வரி மட்டும் ஓடியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இதே இடத்தைப் பாருங்கள். நூல் பிசிறாக எழும்பியிருந்தாலோ, வெயிலில் நிறம் வெளுத்து நாடா மொரமொரப்பாகியிருந்தாலோ அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான்.

அட்டையில் அச்சிட்ட கிலோ எண், அறுபடும் எடையா, பயன்படுத்தத்தக்க எடையா, இரண்டு நாடாக்களுக்கும் சேர்த்துச் சொன்னதா என்று கேளுங்கள். ஒரு நாடாவின் அறுபடும் எடை, அதில் விழும் சுமையைப்போல் 5 மடங்காவது இருக்கட்டும். உங்களுக்கு அது 400 கிலோ. காரபினரில் 12 கிலோநியூட்டன் என்றிருந்தால் ஏறக்குறைய 1,200 கிலோ என்று பொருள், அது தாராளம். சாவிக்கொத்து மாட்டும் காரபினர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மரத்தில் வழியும் மழைநீர் நாடா வழியாக நேரே உங்கள் படுக்கைக்குள் இறங்கும். ஃபிளைஷீட்டின் (ஹேமக்குக்கு மேலே கட்டும் மழை விரிப்பு) மறைவுக்குள், ஹேமக் தொடங்குமிடத்துக்குச் சற்று முன்னால் நாடாவில் ஒரு பழைய ஷூ கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதன் வழியே தரையில் சொட்டிவிடும். மரம் உயிருள்ளதாக, 15 சென்டிமீட்டருக்கு மேல் குறுக்களவு உள்ளதாக இருக்க வேண்டும். மேலே காய்ந்த கிளை எதுவும் தொங்கக் கூடாது. தண்டில் கறுப்புக் கறையாகப் பால் வழிந்த தடம் இருந்தால் அது ரெங்காஸ் மரமாக இருக்கலாம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளமாகிவிடும். முசுறு எறும்பு ஊரும் மரத்தில் கட்டினால் நாடாதான் அவற்றுக்குப் பாதை. பையன்கள் இருவருக்கும் தனித்தனி நாடாக்கள் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் விளையாட்டு கூடாது. 2003-இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் போவதாக இருந்தால், தெலுக் பஹாங் நுழைவாயிலில் பதிவு செய்யும்போதே எங்கே இரவு தங்க அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் நாடா வீட்டில் இருக்கிறது. கோம்பாக் ஆற்றங்கரையில் ஹேமக் கட்ட அதையே பயன்படுத்தலாமா?
– வாசகி, செத்தாப்பாக், கோலாலம்பூர்

பதில்: நாடாவைப் பயன்படுத்தலாம், ராட்செட்டை வேண்டாம். ஐரோப்பியத் தரத்தில் செய்தவற்றில் அடையாளத் துணி நீலமாக இருந்தால் பாலியஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிப்ரோப்பிலீன். நீலத்தை எடுங்கள், பாலிப்ரோப்பிலீன் வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கும். ராட்செட்டை முறுக்கினால் மேலே சொன்ன சரிவு போய், கையால் ஒருபோதும் இழுக்க முடியாத அளவுக்கு நாடா விறைத்துவிடும். அறுந்தால் அந்த இரும்பு யார்மேல் பறக்கும் என்று சொல்ல முடியாது. வெட்டியெடுத்த நாடாவின் நுனியைத் தீயில் உருக்கிப் பிரியாமல் செய்துகொள்ளுங்கள். சரக்கின் கூர் விளிம்பில் உரசிய வெட்டு எங்காவது இருக்கிறதா என்று முழு நீளத்தையும் விரலுக்கிடையில் ஓடவிட்டுப் பாருங்கள். ஓரத்தில் சிறு வெட்டு தென்பட்டாலும் அது மறுபடி சரக்குக் கட்டக்கூட உதவாது.