டுரியான் பூவைக் கொட்டுவது வௌவாலா?

கேள்வி: ஐயா, பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே எங்களுக்கு இரண்டு ஏக்கர் டுரியான் இருக்கிறது. எல்லாம் மூசாங் கிங் ரகம், ஒன்பது வயது மரங்கள். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. கிளை தெரியாமல் பூக்கிறது, ஆனால் காய் நிற்பதில்லை. இரவில் வௌவால்கள் வருகின்றன. விடிந்தால் மரத்தடி முழுவதும் பூ கொட்டிக் கிடக்கிறது. இந்தப் பருவத்தில் வலை கட்டி, விளக்கும் போட்டோம். மூன்று வௌவால்கள் வலையில் செத்தன. காய் இன்னும் குறைந்துவிட்டது. வேறு எப்படி விரட்டலாம்? மரத்தடியில் ஆடுகளும் மேய்கின்றன. நோய் வருமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, முதலில் வலையை அவிழ்த்துவிடுங்கள். இன்று மாலைக்குள் அவிழ்த்தால் இன்றிரவு விரியும் பூவுக்காவது பயன்படும். விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

நாளைக் காலையில் மரத்தடியிலிருந்து ஒரு கைப்பிடி பூவை அள்ளிப் பாருங்கள். வெளிறிய இதழ்களும் இழை இழையாக மகரந்தத் தாள்களும்தான் கையில் இருக்கும். காயாக மாறவேண்டிய சூலகம் அதில் இருக்காது. நிமிர்ந்து கிளையைப் பாருங்கள். அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். டுரியான் பூ மாலையில் விரிகிறது, இரவு எட்டு மணியளவில் மகரந்தப்பை வெடிக்கிறது, நள்ளிரவுக்குப் பிறகு இதழைத் தானே உதிர்த்துவிடுகிறது. வௌவால் வராவிட்டாலும் உதிரும். சில நாள் கழித்து சூலகத்தோடும் காம்போடும் விழுகிறதே, அதுதான் உங்கள் நஷ்டம். மகரந்தம் சேராத பூக்கள் அப்படித்தான் விழும்.

அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவையே இந்த வௌவால்கள்தான். உங்கள் வட்டாரத்துச் சுண்ணாம்பு மலைக் குகைகளில் கூட்டமாகத் தங்கும் தேன் வௌவால் நீண்ட நாக்கால் தேனை நக்கிக் குடிக்கும். அப்போது முகத்து ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும் மகரந்தம் அடுத்த பூவுக்குப் போகிறது. அது ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டிதான் போடும். அதனால் வலையில் செத்த மூன்றையும் சிறிய இழப்பாக நான் நினைக்கவில்லை. பெரிய பழ வௌவாலும் பூவுக்குப் பகை இல்லை. தியோமான் தீவில் டுரியான் மரங்களில் கேமரா பொருத்தி ஆய்வு செய்தபோது, அது பூவைச் சிதைக்காமல் தேனை மட்டும் குடித்துப் போவது தெரிந்தது.

சுற்றுப்புறம் மாறியதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டுரியான் பூப்பது சில வாரம்தான். மற்ற மாதங்களில் தேன் வௌவாலுக்குப் பெத்தாய் மரத்துப் பூவும் வாழைப் பூவும் வேண்டும். ரப்பர் இருந்த காலத்தில் ஓடைக்கரையிலும் லயத்து வீடுகளுக்குப் பின்னாலும் இவை நின்றிருக்கும். செம்பனைக்காக நிலத்தைச் சுத்தமாக வழித்துவிட்டால் அவையும் போய்விடும். செம்பனைப் பூ இந்த வௌவாலுக்குச் சோறு போடாது. செம்பனையில் மகரந்தம் சேர்ப்பது வேறொரு உயிர். 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து ஜொகூர் குளுவாங் தோட்டங்களில் விட்ட சின்னஞ்சிறு வண்டு அது. அதற்கு முன்பு தோட்டத் தொழிலாளர்கள் மகரந்தப் பொடியைக் குலை குலையாகக் கையால் தூவினார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த வேலை செய்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஆகவே வேலி ஓரமாகப் பெத்தாய்க் கன்றுகள் நடுங்கள், வாழையை வரிசையாக வையுங்கள். வாழை முதல் ஆண்டிலேயே பூத்துவிடும். பெத்தாய்க்குச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

இன்னொரு குறை, இரண்டு ஏக்கரும் ஒரே ரகமாக இருப்பது. டுரியானில் பல ரகங்கள் தன் மகரந்தத்தைத் தானே சரியாக ஏற்பதில்லை. மூன்று நான்கு மரங்களில், மரத்துக்கு ஒரு கிளையிலாவது டி24 என்ற வேறு ரகத்தை ஒட்டு கட்டிவையுங்கள். இந்தப் பருவத்துக்கு, பக்கத்தில் யாரிடமாவது வேறு ரகம் பூத்திருந்தால் கேட்டு வாங்கி, இரவு எட்டு மணிக்கு மேல் மென்மையான தூரிகையால் எட்டும் கிளைகளிலாவது மகரந்தத்தைத் தொட்டு வையுங்கள். எந்தக் கிளையில் தொட்டீர்கள் என்பதற்கு நூல் கட்டிவைத்தால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பூ இருக்கும் வரை பூச்சிமருந்து வேண்டாம். அந்தி நேரத்தில் மலைத்தேனீயும் வரும்.

நோய் பற்றிய உங்கள் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். 1998இல் நிப்பா நோய் தொடங்கியது நம் பேராக்கில்தான். நாட்டில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பன்றிக் கொட்டகையை ஒட்டிப் பழமரம் வளர்த்திருந்தார்கள். பழ வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்கும், பன்றியிடமிருந்து நோய் மனிதருக்கும் போனது. பூவில் தேன் குடிக்க வரும் வௌவாலை விரட்டுவதால் இந்த ஆபத்து குறையாது. ஆட்டுக் கொட்டகையைப் பழமரங்களிலிருந்து தள்ளிப் போடுங்கள். மா, கொய்யா போன்றவற்றில் கடிபட்டு விழுந்த பழத்தை ஆடு தின்பதற்குள் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள், பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள். வலையை அவிழ்க்கும்போது உயிரோடு ஏதாவது சிக்கியிருந்தால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு வலையை வெட்டி விடுவியுங்கள்.