முடிதானே என்பவர்களும், முடி எங்கே என்பவர்களும்

அன்புள்ள அக்கா,

கல்லூரிக் காலத்திலிருந்து உங்களை வாசிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. எழுதும் முதல் கடிதம் இதைப் பற்றியா என்று கூச்சமாக இருக்கிறது.

எனக்கு 27 வயது. மேடவாக்கத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. இரண்டு வருடமாக வகிடு அகலமாகிக்கொண்டே வருகிறது. போன ஐப்பசியில் டெங்கு வந்து தேறினேன். பொங்கல் கழிந்ததும் கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. குளித்தால் பாத்ரூம் ஜாலியில் முடி அடைத்து தண்ணீர் இறங்குவதில்லை. போர் தண்ணீர்தான் காரணம் என்று அம்மா கேன் தண்ணீரைத் தலைக்கு ஊற்றுகிறார். மூலிகை எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, பயோட்டின் மாத்திரை எல்லாம் ஆயிற்று. ஒரு ஹேர் கிளினிக்கில் எண்பதாயிரத்துக்கு பேக்கேஜ் சொன்னார்கள்.

ஆபீஸில் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே இருந்த சீட்டை மாற்றி வாங்கிக்கொண்டேன். வீடியோ கால் வந்தால் கேமராவை அணைத்துவிடுகிறேன். ஒரு கல்யாணத்தில் அத்தை எல்லார் எதிரிலும், "என்னடி, பூ வெக்கக்கூட முடி இல்லாம பண்ணி வெச்சிருக்க" என்றார். வரன் பார்க்கிறார்கள், பழைய போட்டோவைத்தான் அனுப்புகிறார்கள். அழுதால் அப்பா, "முடிதானே, உயிரா போச்சு" என்கிறார். எத்தனையோ பேர் பெரிய நோயோடு போராடும்போது முடிக்காக அழுவது அற்பத்தனமா அக்கா? ஆவணியில் பெரியம்மா மகள் கல்யாணம். போகாமல் இருந்துவிடலாமா?

க., மேடவாக்கம்

*

அன்புள்ள க.,

அற்பத்தனம் இல்லை. "முடிதானே" என்று சொல்லும் அதே குடும்பம்தான் பெண் பார்க்கப் போனால் முதலில் ஜடையைப் பார்க்கிறது. சிறுவயதிலிருந்து எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, சாம்பிராணி காட்டி இது உன் சொத்து என்று வளர்த்துவிட்டு, போகும்போது மட்டும் பெரிதுபடுத்தாதே என்றால் எப்படி? ரஜினிகாந்த் வழுக்கையோடு மேடை ஏறினால் கைதட்டுகிறோம். ஒரு கதாநாயகி அப்படி ஏறட்டும், பார்க்கலாம். இன்னொரு வேடிக்கை. திருப்பதியிலோ பழனியிலோ மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வரும் பெண்ணை யாரும் ஐயோ என்பதில்லை. தானாகக் கொட்டினால் மட்டும் துக்கம் விசாரிக்க வந்துவிடுகிறார்கள்.

போகட்டும். முதலில் தலையைக் கவனிப்போம். நான் மருத்துவர் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருப்பதாகத் தோன்றுகிறது.

ஐப்பசியில் வந்த காய்ச்சலுக்குத் தையில் முடி கொட்டும். ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளர்ந்து, பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு விழுகிறது. நன்றாக இருக்கும் தலையிலேயே ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிரும். கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து விழுகின்றன. அதற்குள் நாம் காய்ச்சலை மறந்துவிடுகிறோம். ஷாம்பு மாற்றினோமே, வீடு மாறினோமே என்று பழி வேறெங்கோ போகிறது. சென்னையில் அது எப்போதும் தண்ணீர் தலையில்தான் விழும். உப்புத் தண்ணீரில் முடி சொரசொரவென்று ஆகும், நுனி உடையும். வேரோடு கொட்டுவதற்கு அது காரணமில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், கேன் காசாவது மிச்சமாகட்டும்.

விழுந்த முடியை எடுத்து நுனியைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று பதறுவது அதைப் பார்த்துத்தான். ஓய்வு முடிந்த முடியின் அடிக்கட்டை அது. முளைக்கிற குழி தோலுக்குள்ளேயே இருக்கிறது. குடித்தனக்காரர் காலி செய்திருக்கிறார், வீடு இடியவில்லை. இந்த வகைக் கொட்டல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும்.

ஆனால் வகிடு இரண்டு வருடமாக அகலமாகிறது என்கிறீர்களே, அது டெங்குவுக்கு முந்தைய கதை. நெற்றியோரம் அப்படியே இருக்க உச்சியில் மட்டும் முடி மெலிந்துகொண்டே போவது பெண்களுக்கு வரும் ஒரு வகை, பரம்பரையாகவும் வரும். அது தானாக நிற்காது, சீக்கிரம் பார்த்தால் நல்லது. (வட்டமாகக் காசு அளவுக்கு வழுக்கை விழுந்தால் அது புழுவெட்டு, உடம்பின் எதிர்ப்பு சக்தி முடி வேரையே தாக்குவது. அதற்கு வைத்தியமே வேறு.)

ஆகவே கிளினிக்கில் பேக்கேஜ் பேசுகிறவரை விட்டுவிட்டு, எம்.டி. டி.வி.எல். படித்த தோல் மருத்துவரிடம் போங்கள். செலவு யோசனையாக இருந்தால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, ஸ்டான்லி இருக்கிறது. காலையில் போய்ச் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மருத்துவர் விரல்களுக்கிடையே கொஞ்சம் முடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார், லென்ஸ் வைத்து உச்சியைப் பார்ப்பார். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது) தைராய்டும் பார்க்கச் சொல்லலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதில் நீங்களும் ஒருவராக இருந்தால் எந்த எண்ணெயும் உதவாது. மாதவிடாய் தள்ளிப்போகிறதென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பயோட்டின் விழுங்குவதையும் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அது தைராய்டு முடிவுகளைத் தப்பாகக் காட்டக்கூடும்.

முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தை எழுதிக் கொடுத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து அது. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைப் பார்த்துத்தான் தலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கொட்டல் கூடும். பாதிப் பேர் பயந்து நிறுத்துவது அங்கேதான். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் வந்தது போய்விடும். கர்ப்பத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கித் தடவாதீர்கள்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்று இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். கத்தி வேரைத் தொடுவதே இல்லை. வேண்டுதல் இருந்தால் அடியுங்கள்.

இனி, நீங்கள் கேட்காமல் கேட்டது. சீட் மாற்றியது, கேமராவை அணைத்தது, இப்போது கல்யாணத்துக்கும் போகவில்லை என்பது. இதைப் படிக்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. முடி தன் போக்கில் கொட்டட்டும், முளைக்கட்டும். அது வந்து சேரும்வரை நீங்கள் எங்கேயும் போக மாட்டேன் என்று உட்கார்ந்தால் ஆறு மாதம் ஒரு வருடமாகும். தூக்கம் கெட்டு, வேலைக்குப் போகவே பிடிக்காத நிலை என்றால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசலாம்.

அத்தைக்கு நீளமாக விளக்கம் சொல்லாதீர்கள். "ஆமா அத்தை, டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கேன். உங்களுக்கு சுகர் எப்படி இருக்கு?" போதும், அரைமணி நேரம் அவர்தான் பேசுவார்.

பழைய போட்டோ வேண்டாம். இதை வீட்டில் சண்டை போட்டாவது நிறுத்துங்கள். புரோக்கரிடமும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களிடமும் மருத்துவ ஃபைலை விரிக்க வேண்டியதில்லை. இன்றைய போட்டோவை அனுப்பினால் விலகுகிறவர்கள் அங்கேயே விலகிவிடுவார்கள். நேரில் பேசிப் பிடித்துப்போன ஒருவரிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

பெரியம்மா மகள் கல்யாணத்துக்குப் போங்கள். வகிட்டை மறைக்க அதே நிறத்தில் தூவும் பொடி கிடைக்கிறது, உச்சியில் கிளிப்பால் மாட்டும் டாப்பர் என்ற சின்னப் பொய்முடி கிடைக்கிறது. தினமும் மாட்ட வேண்டாம், கிளிப் இழுக்கிற இடத்திலேயே முடி போகும். இறுக்கிக் கட்டும் கொண்டையும் அப்படித்தான். விசேஷத்துக்கு மாட்டுவதில் தப்பே இல்லை. சென்னையில் சவுரி வைக்காமல், ரெடிமேட் பூ ஜடை மாட்டாமல் மேடையேறும் மணப்பெண் எத்தனை பேர்? உங்கள் பெரியம்மா மகளும் வைத்துக்கொண்டுதான் உட்காரப் போகிறாள்.

ஆவணிப் புழுக்கத்தில் வியர்க்கும், பந்தி நடக்கும் கீழ்த்தளத்தில் ஏசியும் இருக்காது. அதனால் முந்தின நாளே ஒருதரம் மாட்டிக்கொண்டு நன்றாகக் குனிந்து நிமிர்ந்து பாருங்கள். மண்டபத்தில் எத்தனை பேர் காலில் விழ வேண்டியிருக்குமோ.

அன்புடன்,
அக்கா