'பிளாக்கர் எதுவும் இல்லை'

அன்புள்ள அண்ணா,

எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். பெங்களூர் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாக டெவலப்பர். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை, இரண்டு நாள் ஓசூர் வழியாகப் பஸ். நல்ல கம்பெனிதான், யாரையும் சார் போட வேண்டாம், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஆனால் தினமும் டீம் கூடுகிற ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் "பிளாக்கர் ஏதாவது?", அதாவது வேலைக்குத் தடை ஏதாவது, என்றால் என் வாய் தானாக "இல்லை" என்கிறது. மூன்று நாள் வேலையை மேனேஜர் "ஒன்றரை நாள்ல முடியும்ல?" என்றால் தலையாட்டிவிட்டு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து முடிக்கிறேன். ஓசூரில் ஃபேக்டரியில் இருக்கிற அப்பா "ஓ.டி. எவ்வளவுடா வருது?" என்கிறார். தமிழ் மீடியத்தில் படித்ததால் எனக்குத்தான் தைரியம் இல்லையா, இல்லை கம்பெனி சரியில்லையா?

சீசனில் மாம்பழம் அனுப்பட்டுமா?

மு.

அன்புள்ள மு.,

முதலில் அப்பாவின் கேள்வி. நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டம் வகுத்த கணக்கு. அதனால் அவர் கூடுதலாக நின்ற நேரம் ஏதோ ஒரு ரிஜிஸ்டரில் ஏறும். உங்களுடையது எதிலும் ஏறுவதில்லை. காசை விடுங்கள். வேலைகளைப் பதிவு செய்கிற ஜிராவில் அது ஒன்றரை நாள் என்றே பதிவாகியிருக்கும், அடுத்த வேலைச் சுற்றான ஸ்பிரிண்டுக்கு உங்கள் மேனேஜர் அதை வைத்துத்தான் திட்டம் போடுவார். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதிய பொய்க் கணக்கு அது.

தமிழ் மீடியம் எல்லாம் காரணமே இல்லை. நானும் தர்மபுரியில் அரசுப் பள்ளிதான். கான்வென்ட்காரர்களும் "நோ பிளாக்கர்ஸ்" என்றுதான் சொல்கிறார்கள், உச்சரிப்பு மட்டும் நன்றாக இருக்கும்.

கம்பெனி சரியா என்பதற்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்க்காதீர்கள். என் இரண்டாவது வேலையில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில், புரொடக்‌ஷன் டேட்டாபேஸில், அதாவது வாடிக்கையாளர்களின் நிஜத் தகவல் இருக்கிற இடத்தில், அதை மாற்றுகிற ஒரு அப்டேட் குவெரி ஓட்டினேன். மேல் வரியை மட்டும் செலக்ட் செய்திருக்கிறேன், எந்த ஆர்டர் என்று சொல்கிற 'வேர்' (where) இருந்த கீழ் வரி விட்டுப்போயிற்று. ஒரே ஒரு ஆர்டருக்குப் போட வேண்டிய கேன்சல் அத்தனை ஆர்டருக்கும் விழுந்தது. எத்தனை வரி மாறியது என்று ஸ்கிரீனில் வந்த எண்ணைப் பார்த்ததும் கை ஜில்லிட்டது. பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்க விடிந்துவிட்டது. திங்கட்கிழமை மீட்டிங்கில் முதல் கேள்வி, "யார் பண்ணது?" அதற்குப் பிறகு அந்த டீமில் யாரும் தப்பை வெளியே சொல்லவில்லை, நானும்தான். சில வருடம் கழித்து வேறொரு இடத்தில் ஒரு ஜூனியர் பெண் கிட்டத்தட்ட இதையே செய்தார். அங்கே கேட்டது, "ஒருத்தர் லேப்டாப்பிலிருந்து நேராகப் புரொடக்‌ஷனில் எழுத முடிகிறதே, அது எப்படி?" அன்றைக்கே எங்கள் எல்லோருடைய எழுதும் அனுமதியையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம்.

அப்புறம் ஸ்டாண்ட்-அப். 2001-இல் யூட்டாவில் 17 பேர் கூடி ஆரம்பித்த அஜைல் என்கிற வேலைமுறையின் கொள்கைகளில் ஒன்று, எத்தனை காலமானாலும் தாங்குகிற சீரான வேகத்தில் வேலை நடக்க வேண்டும் என்பது. அந்த வழியில் வருகிற ஸ்க்ரம் முறையின் கையேட்டில் ஸ்டாண்ட்-அப்பின் அந்த 15 நிமிடம் டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிடுவதற்கு. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகளையே 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நம்மிடம் வந்து சேர்ந்தது அட்டெண்டன்ஸ்.

அதனால் தைரியத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், மேனேஜரிடம் ஒரு எண்ணைச் சொல்லுங்கள். "ஒன்றரை நாளில் ஏபிஐ முடியும், டெஸ்ட் எழுத இன்னொரு ஒன்றரை நாள், டெஸ்ட் இல்லாமல் விடலாமா?" இப்போது முடிவு அவருடையது. அதையே ஜிராவில் அந்த வேலைக்கான டிக்கெட்டில் கமெண்டாகவும் போட்டுவிடுங்கள், அதுதான் உங்கள் ரிஜிஸ்டர். இரண்டு மூன்று ஸ்பிரிண்ட் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் முகம் சுளித்தால் ரெஸ்யூமைத் தூசி தட்டுங்கள். பெரும்பாலும் நோட்டீஸ் 90 நாள் இருக்கும், ஆகவே ரொம்ப வெறுத்துப்போகிற வரை காத்திருக்காமல்.

மாம்பழம் அனுப்புங்கள். பெங்களூரா ரகம் வேண்டாம், அது கூழ் ஃபேக்டரிக்கே போகட்டும். செந்தூரா, இரண்டு கிலோ.