6,000 ரூபாயில் ஐந்து பேருக்குச் சத்தான சாப்பாடு

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். எனக்கு 36 வயது. தேயிலை பறிக்கும் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மாமியாருக்கு 64 வயது, சர்க்கரை நோய் உண்டு. மகள் எட்டாம் வகுப்பும் மகன் மூன்றாம் வகுப்பும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். வாடகை, சீட்டு, வண்டிக் கடன் போக, கேஸ் உட்படச் சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 6,000 ரூபாய்தான் மிஞ்சுகிறது. உறைபனிக் காலத்தில் இலை குறைந்தால் அதுவும் இல்லை. ரேஷனில் 20 கிலோ அரிசி வருகிறது. பள்ளியில் பரிசோதித்தபோது மகளுக்கு ஹீமோகுளோபின் 9.8 என்றார்கள். அவள் சத்துணவு வாங்கக் கூச்சப்பட்டு வீட்டுச் சோற்றையே எடுத்துப் போகிறாள். பிள்ளைகளுக்குச் சத்து வேண்டுமே என்று மாதம் 500 ரூபாய்க்குப் பாலில் கலக்கும் பவுடர் டின் ஒன்று வாங்குகிறேன். ராகி செய்தால், "இந்தக் குளிருக்கு அது ஆகாது, சளி பிடிக்கும்" என்று மாமியார் தடுக்கிறார். இந்தப் பணத்தில் எதை வாங்கி, எப்படிச் சமைப்பது, டாக்டர்?

பதில்: முடியும், ஆனால் இழுத்துப் பிடித்தால்தான் முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் அரிசி வருகிறது, பால் வருகிறது, டின் வருகிறது. பருப்பு என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. நீங்கள் எழுத மறந்திருக்கலாம். ஆனால் என்னிடம் வரும் தோட்டத் தொழிலாளர்களின் மதியச் சாப்பாட்டைப் பலமுறை திறந்து பார்த்திருக்கிறேன் என்பதால், அது வெறும் மறதி இல்லை என்றே நினைக்கிறேன். சென்ற மாதம் தலைசுற்றல் என்று வந்த ஒரு பெண்ணின் தூக்குவாளியில் முக்கால் பங்கு வெள்ளைச் சோறும், அதன்மேல் நாலைந்து துண்டு உருளைக்கிழங்குப் பொரியலும், ஓரத்தில் கொஞ்சம் ஊறுகாயும் இருந்தன. பக்கத்தில் ஒரு பிளாஸ்க் நிறையத் தேநீர். வயிறு நிறைய உண்பவர்தான் அவர். உருளைக்கிழங்கும் மாவுச்சத்துதான் என்பதால், அவர் சோற்றுக்குச் சோற்றையே தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்.

ஆகவே பணம் கைக்கு வந்த நாளில் முதலில் வாங்க வேண்டியவை பருப்பும் பயறும் நிலக்கடலையும்தான். அடுத்தது முட்டையும் பாலும். அதன் பிறகுதான் காய்கறி, மற்றவை. உங்கள் வீட்டு ஐவரின் வயதைப் பார்த்துக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு மொத்தம் ஏறத்தாழ 210 கிராம் புரதம் தேவைப்படுகிறது. ஒரு கிலோ அரிசியில் சுமார் 75 கிராமும், கால் கிலோ ராகி மாவில் 18 கிராமும் கிடைத்துவிடும். மீதிக்கு 300 கிராம் பருப்பு அல்லது பயறு (66 கிராம்), 100 கிராம் நிலக்கடலை (24), அரை லிட்டர் பால் (15), இரண்டு முட்டை (12) என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடுகிறது. அரிசியில் புரதம் இருந்தாலும் அதில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. அதனால்தான் சோறும் சாம்பாரும் சேரும்போது இரண்டுமே கூடுதலாகப் பயன் தருகின்றன.

இனி ரூபாய்க் கணக்கு. மாதம் 9 கிலோ பருப்பு, பயறு வேண்டும். ரேஷனில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைப்பதை எந்த மாதமும் விட்டுவிடாதீர்கள். மீதி எட்டு கிலோவையும் துவரையாகவே வாங்கினால் கட்டுப்படியாகாது; கொள்ளு, தட்டைப்பயறு, காய்ந்த பட்டாணி, கடலைப்பருப்பு, உள்ளூர் அவரை என்று கலந்து வாங்கினால் சராசரியாகக் கிலோ 100 ரூபாயை ஒட்டி நிற்கும். கடலை, பால், முட்டை எல்லாம் சேர்த்து இந்த வகைக்கு 2,300 முதல் 2,500 ரூபாய் ஆகும். கேஸுக்கு 900, காய்கறிக்கு வாரம் 350 வீதம் 1,400 என்று ஒதுக்கினால், கூடுதல் அரிசிக்கும் ராகிக்கும் எண்ணெய்க்கும் மளிகைக்குமாக 1,200 ரூபாய் மிஞ்சும். ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதை மட்டுமே நம்பாமல், கொஞ்சம் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்த்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். மொத்தத்தில் ஐவருக்கு மாதம் இரண்டரை லிட்டர் எண்ணெய் போதும்.

"பயறு வேகவே மாட்டேன் என்கிறது, கேஸ் தீர்ந்துபோகிறது" என்று பலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. கொள்ளையும் அவரையையும் முந்திய நாள் இரவே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, குக்கரில் சமவெளிக்காரர்கள் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக வைத்து, பிறகு அடுப்பை அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் விடுங்கள். அந்த நேரத்திலும் பயறு வெந்துகொண்டே இருக்கும். ஒரே தடவையில் இரண்டு வேளைக்கு வேகவைத்து, இரவில் குழம்பாகவும் மறுநாள் காலையில் சுண்டலாகவும் மாற்றிக்கொள்ளலாம். வேகவைத்தது மறுநாள்வரை கெடாமல் இருக்க, நம் ஊர்க் குளிர் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவுகிறது. முளைகட்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும். சமவெளியில் ஒரே நாளில் முளைப்பது இங்கே இரண்டு நாள் எடுக்கும். ஈரத்துணியில் கட்டி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

காய்கறி விளையும் மலையில் இருந்துகொண்டு காய்கறி வாங்க முடியவில்லை என்பது கசப்பான வேடிக்கைதான். கேரட்டைக் கழுவித் தரம் பிரித்து மேட்டுப்பாளையத்துக்கு ஏற்றியனுப்பிய பிறகு, உடைந்ததும் வளைந்ததும் சிறுத்ததும் உள்ளூரிலேயே மலிவாக விற்கப்படும். சத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. முட்டைகோஸ், நூல்கோல், முள்ளங்கி, பீட்ரூட் என்று அந்த வாரம் எது மலிவோ அதையே வாங்குங்கள். முள்ளங்கி, பீட்ரூட் இலைகளைக் கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் காசில்லாமலே தருவார். பொடியாக நறுக்கிப் பருப்போடு கடைந்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. மருந்து நிறைய அடிக்கிறார்கள் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசுங்கள். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: களைக்கொல்லி தெளித்த தேயிலைக் காட்டில், வேலை முடிந்து வரும் வழியில் கீரை பறித்து வராதீர்கள்.

இப்போது டின்னுக்கு வருகிறேன். அதன் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் சர்க்கரை அளவை உங்கள் மகளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இவ்வகைப் பவுடர்கள் பலவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை சர்க்கரைதான். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம், இவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அந்த 500 ரூபாய்க்கு ஏறத்தாழ 70 முட்டை வாங்கலாம். மேலே சொன்ன தினம் இரண்டு முட்டைக்கான பணம் அதிலேயே வந்துவிடுகிறது. மாலையில் தேநீரோடு தின்னும் வர்க்கியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கும் அது பிடிக்கும், மறைக்கவில்லை. மைதாவும் கொழுப்பும் சேர்ந்த அந்தப் பண்டத்துக்கு நாள்தோறும் போகும் பத்து, இருபது ரூபாயை நிலக்கடலைக்குத் திருப்பிவிட்டு, வர்க்கியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நம் மலைக்குப் புதிய பேச்சு இல்லை. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் தொடங்கியதுதான். 1958இல்தான் இடம் மாறியது. அதைத் தொடங்கிய ராபர்ட் மெக்கரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பருப்பும் பாலும் காய்கறியும் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவைத் தின்றவை நோஞ்சானாகிப் போயின. குன்னூரில் நூறு ஆண்டுகளுக்கு முன் கண்ட அந்தச் சோற்றைத்தான் இன்று தூக்குவாளியில் காண்கிறேன்.

மகளின் விஷயத்தில் சாப்பாடு மட்டும் போதாது. அவள் வயதில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை; 9.8 என்பது நடுத்தர அளவிலான குறைபாடு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் அங்கே இலவசம். மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு இருக்கிறதா என்று நீங்கள் தனியே கேட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அரிவாள் செல் இரத்தசோகை (பரம்பரையாக வரும் இரத்த நோய்) இருந்தால், மாத்திரை தொடங்கும் முன்பே அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். நீலகிரியின் பழங்குடி மக்களிடையே, குறிப்பாகக் கூடலூர்ப் பக்கத்தில், அந்த நோய் இருக்கிறது. அந்த நோயுள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரை உண்ணக் கூடாது.

மாத்திரையைத் தேநீரோடும் பாலோடும் விழுங்கக் கூடாது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், காய்கறியிலும் பயறிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். இலை பறிக்கும் நம் பெண்களுக்குத் தேநீர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடியுங்கள். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ எலுமிச்சை பிழிந்த காயோ இருக்கட்டும். அசைவம் உண்பவர்களானால், மாதம் இரண்டு முறை கோழி ஈரல் வாங்குங்கள். கறியைவிட மலிவு, இரும்புச்சத்து அதிகம். பள்ளியில் கிடைக்கும் முட்டையை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குக் கூச்சம் கூடாது என்று மகளிடம் பேசுங்கள்; ஒரு தோழியும் சேர்ந்து தட்டோடு போனால் இரண்டு நாளில் பழகிவிடும். மகனுக்கு முதலமைச்சரின் காலை உணவும் மதியச் சத்துணவும் பள்ளியிலேயே கிடைப்பதால், அவனைப் பற்றிய கவலை குறைவு.

கடைசியாக ராகி. ராகி உண்பதால் சளி பிடிப்பதில்லை. சளி கிருமியால் வருவது, ஜன்னலைச் சாத்திய வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் பரவுவது. இந்த மலையிலேயே படுகர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ராகி ஹிட்டும் (களி) அவரைக் குழம்பும் உண்டு வந்திருக்கிறார்களே! 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. எந்தத் தானியமும் அதன் அருகில் வராது. 2023 மே மாதத்தில், நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கப்பட்டது. உங்கள் கடையில் கேட்டு வாங்குங்கள். மாமியாரோடு வாதாட வேண்டாம். அவர் கணக்கில் ராகி குளிர்ச்சி என்றால் கொள்ளு சூடு. சூடான களிக்குக் கொள்ளுக் குழம்பை ஊற்றிக் கொடுங்கள். அவருக்கு மட்டும் அளவு முக்கியம். ராகியிலும் மாவுச்சத்து அரிசிக்குச் சற்றுத்தான் குறைவு என்பதால், ஒரு சிறு உருண்டைக் களியும் இரண்டு கரண்டி குழம்பும் நிறையக் காயும் இருந்தால் போதும். நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றும், அது வேண்டாம்.

உறைபனி மாதங்களுக்கு இப்போதே ஒரு வழி செய்துகொள்ளுங்கள். இலை நன்றாக வரும் மாதங்களில் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ கொள்ளும் ஒரு கிலோ தட்டைப்பயறும் கூடுதலாக வாங்கி, வெயில் அடிக்கும் நாளில் நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். இங்குள்ள ஈரத்தில் காயாத பயறு பூஞ்சணம் பிடித்துவிடும். மகளுக்கு மாத்திரை தொடங்கிய நான்காவது வாரத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் இரண்டு பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.