ப்ரோபயாட்டிக் காப்ஸ்யூல் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. நுரையீரல் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி ஊசி போடுகிறோம். குடலில் நல்ல பாக்டீரியா இருந்தால்தான் ஊசி வேலை செய்யும் என்று யூடியூபில் பார்த்துவிட்டு, என் கொழுந்தனார் ப்ரோபயாட்டிக் காப்ஸ்யூல் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா? ஜீரணமாகாதே என்று இப்போது இட்லி, ரசம் சாதம், ரொட்டி மட்டும்தான் கொடுக்கிறேன்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்குக் காப்ஸ்யூல் வேண்டாம் அம்மா. அதைவிட எனக்குக் கவலை, அவர் தட்டில் காயும் பயறும் இல்லாததுதான்.

உங்கள் கொழுந்தனார் பார்த்ததில் உண்மை இருக்கிறது. இந்த ஊசி புற்றை நேராகக் கொல்வதில்லை. நம் எதிர்ப்பு அணுக்களைப் புற்று தடுத்து வைத்திருக்கும் தடையை எடுத்துவிடுகிறது. அதன்பின் அந்த அணுக்கள் எவ்வளவு வேகமாக வேலையில் இறங்கும் என்பதில் குடல் பாக்டீரியாக்களுக்கும் பங்குண்டு. பாரிஸ் பக்கம் குஸ்தாவ் ரூசி மருத்துவமனைக் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஊசி தொடங்கும் சமயத்தில், குடலின் நல்ல பாக்டீரியாவையும் அழித்துவிடும் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைந்திருந்தது. அதில் நுரையீரல் புற்று நோயாளிகளும் இருந்தார்கள். அதனால் சளி, காய்ச்சல் என்று நீங்களாகவே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் தயங்காமல் கொடுங்கள். கிருமித் தொற்றை விட்டுவைப்பது அதைவிட ஆபத்து.

காப்ஸ்யூல் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனைக் குழு 2021-ல் மெலனோமா என்ற தோல் புற்று நோயாளிகள் 128 பேரின் சாப்பாட்டு விவரத்தைக் கேட்டுப் பார்த்தது. தினம் 20 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் அதிகம். அவர்களிலும் ப்ரோபயாட்டிக் எடுக்காதவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். எலிகளுக்குக் கடையில் விற்கும் ப்ரோபயாட்டிக்கைக் கொடுத்துப் பார்த்தபோது சிகிச்சையின் பலனே குறைந்தது. இது வேறு வகைப் புற்று, சிறிய ஆய்வு. உங்கள் கணவருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பலன் உறுதியில்லாத, கெடுதலாகவும் முடியக்கூடிய ஒன்றை இந்தச் சமயத்தில் ஏன் கொடுக்க வேண்டும்?

நார்ச்சத்து நமக்குச் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. அதைப் புளிக்க வைத்து அவை ப்யூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. குடலின் உட்சுவர் அணுக்கள் அதில்தான் பிழைக்கின்றன, அழற்சியும் தணிகிறது.

புற்று வார்டில் உணவு ஆலோசகராக நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: நோய் என்று தெரிந்ததும் வீட்டில் கீரையையும் சுண்டலையும் நிறுத்திவிட்டு ரொட்டிக்கு மாறிவிடுவார்கள். பாசத்தால் செய்வது. ஆனாலும் அந்தத் தட்டைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகில் சுமார் 11, பச்சைப்பயறில் 17, கறுப்புக் கொண்டைக்கடலையில் 25 கிராம் (எல்லாம் வேகவைக்கும் முன் எடை).

ஆகவே காலை இட்லிக்குப் பதில் சில நாள் கேழ்வரகுக் கூழோ அடையோ, மதியம் ஒரு கரண்டி கீரையும் ஒரு காய்ப் பொரியலும், மாலை ஒரு கைப்பிடி சுண்டல். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும். வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள், தண்ணீரும் கூடட்டும். ஊசியோடு கீமோவும் நடந்து வெள்ளணு குறைந்திருந்தால் பச்சைக் காய்கறி வேண்டாம், எல்லாம் நன்றாக வெந்திருக்கட்டும். குடலில் ஆபரேஷனோ அடைப்போ இருந்திருந்தால், டாக்டரைக் கேட்காமல் நார்ச்சத்தைக் கூட்டவே கூடாது.

இன்னொன்று முக்கியம். வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டின் மேல் பழி போட்டு வீட்டிலேயே மருந்து கொடுத்துக் காத்திருக்காதீர்கள். இந்த ஊசியாலேயே குடலில் அழற்சி வரலாம். அதற்குச் சிகிச்சை வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். அடுத்த ஊசிக்குப் போகும்போது அந்தக் காப்ஸ்யூல் டப்பாவையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.