பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சங்க இலக்கியத்தில் ஆய்வேடு எழுதிவருகிறேன். உ.வே.சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பின் முகவுரையிலிருந்து சில வரிகளை ஓர் ஆய்வுக்கட்டுரை மேற்கோள் காட்டியிருந்தது. அவற்றை நானும் எடுத்துக்கொண்டேன். துணைநூற்பட்டியலில் 1894ஆம் ஆண்டுப் பதிப்பையே குறித்துவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறாள் தோழி. சரிதானா?
– முதுகலைத் தமிழ் மாணவி, திருவல்லிக்கேணி

பதில்: சரியன்று. ஒரு நூலைப் பட்டியலில் சேர்க்கும்போது, அதை நீங்களே படித்ததாகவும், ஐயம் எழுந்தால் அதே பக்கத்தைத் திறந்து சரிபார்க்கலாம் என்றும் படிப்பவருக்கு உறுதி தருகிறீர்கள். நீங்கள் படித்ததோ கட்டுரையை. கட்டுரையாளர் ஒரு சொல்லை விட்டிருந்தாலும், பக்க எண் மாறி அச்சாகியிருந்தாலும், அந்தப் பிழை இனி உங்கள் பெயரில் நிற்கும். உங்களை நம்பி எடுத்தாளும் அடுத்தவருடைய ஆய்வேட்டுக்கும் அது போய்ச் சேரும்.

மூலத்தைப் பார்க்க வழியே இல்லையென்றால், மேற்கோளைத் தந்து, அடிக்குறிப்பில் சாமிநாதையரின் பெயரையும் பதிப்பின் ஆண்டையும் சொல்லி, 'எடுத்தாண்டவர்' என்று கட்டுரையாளரின் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறியுங்கள். பட்டியலில் கட்டுரை மட்டும் இடம்பெறட்டும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) மேற்கோள் நடையிலும், மூலத்தை விட்டுக் கட்டுரையை மட்டும் பட்டியலில் சேர்ப்பதே விதி.

ஆனால் சென்னையில் இருக்கும் உங்களுக்கு இதை முதல் வழியாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, எழும்பூரில் கன்னிமரா இருக்கிறது. பழைய பதிப்புகள் பலவற்றின் மின்படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அரைநாள் செலவிட்டு மூலத்தைப் பார்த்துவிட்டால், அந்த வரிகளுக்கு முன்னும் பின்னும் ஆசிரியர் என்ன சொல்லியிருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். கட்டுரையாளர் கண்ணில் படாத ஒன்று அங்கே உங்களுக்காகக் காத்திருக்கவும் கூடும்.

அங்கும் ஒரு கவனம் தேவை. கைக்குக் கிடைத்தது மறுபதிப்பு என்றால், அந்தப் பதிப்பின் ஆண்டையும் அதன் பக்க எண்ணையும் தர வேண்டும். 1894 என்று எழுதிவிட்டு மறுபதிப்பின் பக்கத்தைக் குறித்தால் யாராலும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பாடலை மட்டும் சுட்டும்போது இந்தத் தொல்லை குறைவு: 'புறம். 192' என்றாலே எந்தப் பதிப்பிலும் எடுத்துவிடலாம். தொல்காப்பியத்துக்கு இது போதாது. உரையாசிரியர்களின் நூற்பாப் பகுப்பு வேறுபடுவதால் எண்களும் மாறும். இளம்பூரணமா, நச்சினார்க்கினியமா என்பதையும் சொன்னால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

கேள்வி: ஒப்புமை காட்டும் மென்பொருளில் என் ஆய்வேட்டுக்கு 8 விழுக்காடுதான் வந்தது. எந்த வாக்கியத்தையும் அப்படியே எடுக்காமல் என் சொற்களில்தான் எழுதியிருக்கிறேன். ஆயினும் சான்றுகள் இல்லையென்று நெறியாளர் இரண்டாம் இயலைத் திருப்பித் தந்துவிட்டார். இது நியாயமா?
– முனைவர் பட்ட ஆய்வாளர், தாம்பரம்

பதில்: நெறியாளர் செய்தது நியாயம்தான், உங்கள் நன்மைக்காகவே செய்திருக்கிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இவை சொற்களின் ஒப்புமையை அளக்கும் எண்கள். கருத்து யாருடையது என்பதை மென்பொருள் அறியாது.

ஒருவர் பல ஆண்டுகள் கல்வெட்டுகளைத் தொகுத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார் என்று வையுங்கள். அந்த முடிவை நீங்கள் வேறு சொற்களில் எழுதினால் ஒப்புமை சுழியமாகவே வரலாம், உழைப்பு அவருடையதுதான். அவர் பெயரைச் சொல்லாமல் விடுவது திருட்டு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. சென்னை மாநிலம் 1969இல் தமிழ்நாடு என்று பெயர் மாறியது போன்ற, எல்லோரும் அறிந்த செய்திக்குச் சான்று வேண்டாம். அந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றி ஓர் ஆய்வாளர் கூறும் விளக்கத்துக்கு வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். நீண்ட பத்தி ஒன்றின் முடிவில் ஒரே ஓர் அடிக்குறிப்பு எண் இருந்தால், எத்தனை வாக்கியங்கள் கடன், எங்கிருந்து உங்கள் கருத்து தொடங்குகிறது என்று தெரியாது. 'இன்னார் இவ்வாறு கருதுகிறார்' என்று தொடக்கத்திலேயே பெயரைச் சொல்லிவிட்டு, உங்கள் உடன்பாட்டையோ மறுப்பையோ தனியே எழுதுங்கள். குறிப்பெடுக்கும்போதே பக்க எண்ணையும் எழுதி, நூலில் உள்ளபடியே எடுத்த வரிகளை மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டால், பின்னாளில் எது யாருடைய சொல் என்ற குழப்பம் வராது.

கேள்வி: ஆசிரியரின் குடும்பப் பெயரை முதலில் எழுத வேண்டும் என்கின்றன ஆங்கிலக் கையேடுகள். தமிழ்ப் பெயர்களை எப்படி எழுதுவது?
– கல்லூரி மாணவர், அம்பத்தூர்

பதில்: நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். எனவே இயற்பெயரை முன்னே வைத்து, 'சாமிநாதையர், உ.வே.' என்று அகரவரிசையில் சேருங்கள். தலைப்பெழுத்தை விரித்து அதைக் குடும்பப் பெயராக்க வேண்டாம். துணைநூற்பட்டியலைத் தொகுத்துத் தரும் சோட்டெரோ போன்ற மென்பொருளில் பெயரை ஒரே கட்டத்தில் இடும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பெயர் தலைகீழாகாது.

கேள்வி: முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்ற பொருளில், அடிக்குறிப்புகளில் 'மேலது' என்று எழுதலாமா?
– ஆய்வு மாணவி, அடையாறு

பதில்: எழுதலாம், உங்கள் துறை அதை ஏற்றால். ஆனால் ஆய்வேடு முடியும்வரை ஒவ்வோர் அடிக்குறிப்பிலும் ஆசிரியர் பெயரையும் நூலின் சுருக்கப் பெயரையும் பக்கத்தையும் முழுமையாக வைத்திருங்கள். இடையில் புதிய குறிப்பு ஒன்றைச் செருகினால் அதற்கடுத்த 'மேலது' வேறு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். நீங்களே தட்டச்சிட்ட சொல்லைக் கணினி திருத்தித் தராது. சிகாகோ என்னும் ஆங்கில நடைக் கையேட்டின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பும் இத்தகைய சொல்லைவிடச் சுருக்கப் பெயரையே விரும்புகிறது.